பாதர் கண்ட கோல்

மீன்பிடி முதலாளியான சம்மாட்டியார் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில், அந்தோனியார் சுரூபத்துக்கும் விருந்தாளிகளுக்கென்று எடுத்துவைத்த கோப்பைகளுக்கும் நடுவில், ஒரு பந்து இருக்கிறது. உருண்டைப் பந்து அல்ல. இரண்டு முனையும் கூர்ந்து நடு பருத்த பழுப்புத் தோல் பந்து. ஒரு பக்கத்தில் சப்பாத்துக்குக் கட்டுவதுபோல வெள்ளை நாடா கோத்திருக்கிறது. முதன்முறை வருகிறவர்கள் அதை வாடிப்போன பப்பாசிப்பழம் என்று நினைத்து, ஏன் இன்னும் வெட்டவில்லை என்று கேட்பதுண்டு. போன மாதம் மன்னார்க் கரையில் வங்காலைப் பக்கம் ஒரு செத்தவீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில் அந்த வீட்டில் தேநீர் குடித்தேன். பந்து முன்பைவிடச் சுருங்கியிருந்தது. அலுமாரியில் அதன் இடம் மாறவில்லை.

அதைக் கொண்டுவந்தவர் வங்காலைக் கோயில் பாதர். அமெரிக்காவில் பிறந்து, இளம் வயதில் இந்தக் கரைக்கு வந்து, இங்கேயே நரைத்தவர். எங்கள் ஊர்த் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய உறைப்பான ஒடியல் கூழை வியர்க்க வியர்க்க இரண்டாம் கோப்பையும் கேட்டு வாங்கிக் குடிப்பார். அவரிடம் சனங்கள் கண்ட குறை ஒன்றுதான். யோனாவை மீன் விழுங்கினாலும், இஸ்ரவேலர் பாலைவனத்தில் அலைந்தாலும், அவருடைய பிரசங்கம் கடைசியில் பனி மூடிய ஒரு மைதானத்துக்கு வந்து சேரும். போன நூற்றாண்டின் நடுப்பகுதியில், அவர் சிறு பிள்ளையாக இருந்தபோது, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அவருடைய நாட்டுக் கால்பந்தில், தொழில்முறை அணிகளின் இறுதியாட்டம் பனிப்புயலில் நடந்ததாம். மைதானத்தை மூடியிருந்த படங்கின்மேல் பனி குவிந்து, அதை இழுக்கப் பணியாளர்களால் முடியாமல், மோதவிருந்த இரண்டு அணிக்காரரும் சேர்ந்து இழுத்தார்களாம். கோடுகள் புதைந்துபோனதால் ஓரங்களில் கயிறு கட்டினார்களாம். அளந்து பார்க்க வழியில்லை. நடுவர் சொன்னால் சொன்னதுதான். கடைசிப் பகுதியில்தான் ஒரு பெரிய உடம்புக்காரர் பந்தோடு சில அடி ஓடி எல்லைக்குள் புகுந்தார். ஆட்டம் முழுவதற்கும் அது ஒன்றுதான்.

அந்த ஒன்றையும் பாதர் பார்க்கவில்லை. குளிர் தாங்காமல் தகப்பனுடைய மேலங்கிக்குள் முகத்தைப் புதைத்திருந்தார். சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கியபோது சனம் துள்ளிக்கொண்டிருந்தது. இதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. பிரசங்கமே அங்கேதான் முடியும்.

வங்காலைக்காரருக்குக் கால்பந்து என்றால் சோறு தண்ணீர் தேவையில்லை. ஆகவே அவர்களுடைய சந்தேகங்கள் விசுவாசம் சம்பந்தப்பட்டவை அல்ல, விதிகள் சம்பந்தப்பட்டவை. "கையில தூக்கிக்கொண்டு போனால் அது ஃபவுல்தானே, பாதர்?" என்று கோயில் வாசலில் மறிப்பார்கள். "ஒரு கோலுக்கு இவ்வளவு நேரமோ?" என்பார்கள். பாதருக்கு முகம் சிவக்கும். "அது கோல் இல்லையடாப்பா, அதுக்கு வேற பேர்" என்று தொடங்குவார். யாரும் அந்த வேறு பெயரைப் பழகவில்லை.

கண் பார்வை மங்கத் தொடங்கியபோது அவருடைய துறவறச் சபை அவரைத் திருப்பி அழைத்தது. ஊரில் பிரியாவிடைக்குக் குழு அமைத்தார்கள். தலைவர் சம்மாட்டியார், கரைவலையும் கரையில் இருந்த மீன்பிடிக் கொட்டிலான வாடியும் அவருடையவை, ஊரில் பாதிப்பேர் அவர் வலையை இழுப்பவர்கள். மணிக்கூடு கொடுப்பதா, பொன்னாடை போர்த்துவதா என்று கூட்டத்தில் வாக்குவாதம் நடந்தது. நான் அப்போது மன்னாரிலிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். மூலையில் ஒரு கதிரையில் இருந்தேன். பாதர் எழுந்து, "மணிக்கூடு வேண்டாம். கண் முழுசாப் போக முந்தி அந்த விளையாட்டின்ர கடைசியை ஒருக்காக் காட்டுங்கோ. பார்த்திட்டுப் போறன்" என்றார். எல்லோரும் ஒரேயடியாகப் பேசினார்கள்.

பந்து பாதரின் அறையில் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று பிறந்து வலைகளைக் கரையேற்றிவிட்ட காலமாதலால் ஆட்களுக்கும் வேலையில்லை. பனிக்குத்தான் வழி தெரியவில்லை. உப்பளத்திலிருந்து உப்பு கொண்டுவந்து கொட்டலாம் என்றான் ஒருவன். "விழுந்து காயப்பட்டால் எரியுமே?" என்றார் பாதர். "எரிஞ்சால் இன்னும் கெதியா ஓடுவாங்கள், பாதர்" என்று பதில் வந்தது. ஓடப்போகிறவர் யார் என்பதில் சிக்கல் இருக்கவில்லை. "பெரிய உடம்புக்காரன் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?" என்று சம்மாட்டியார் தம் வயிற்றைத் தடவிக்கொண்டார். அவரைவிடப் பெரிய உடம்பு அந்தக் கரையில் இல்லை.

பின்னேரம் வாடிக்கு முன்னால் ஊரே கூடியது. வலைக்கயிற்றால் ஓரங்களும் சுண்ணாம்பால் எல்லைக் கோடும் போட்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சோளகக் காற்று மணலை வாரிக் கோட்டை மூடியது. சுண்ணாம்பு போட்டவன் திட்டினான். பாதர் கை தட்டினார். "இப்பதான் சரி! அண்டைக்கும் கோடு தெரியேல்லை."

சம்மாட்டியார் சாரத்தை மடித்துக் கட்டி, பந்தைச் சந்தைக்குக் கொண்டுபோகும் கோழியைப்போலக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டார். எதிரே நின்றவர்கள் அவரைக் கட்டிப்பிடித்து விழுத்த வேண்டும். ஆனால் அவர்கள் அத்தனை பேரும் அவருடைய வலை இழுப்பவர்கள். கரையில் சம்மாட்டி குறுக்கே வந்தால், இழுக்கிற கயிற்றையே தாழ்த்தி வழிவிடுவது அவர்களுடைய பழக்கம். அவர் வர, இரண்டு பக்கமும் விலகி நின்றார்கள். ஒருவன், "பாத்து வாங்கோ சம்மாட்டியார், காலடியில கிடங்கு கிடக்கு" என்று கையும் காட்டினான். சம்மாட்டியார் தலையசைத்தபடி நடந்து எல்லையைத் தாண்டினார்.

"இது விளையாட்டோ, சுரூபப் பவனியோ?" என்று பாதர் கத்தினார். "பிடியுங்கோடா அவரை!"

"பாதர், நீங்கள் நாளைக்கு அமெரிக்கா போயிடுவியள். நாங்கள் சோளகம் முடிய இவரிட்டத்தான் வலை இழுக்க வேணும்" என்றான் ஒருவன்.

பாதருடைய முகம் விழுந்துபோனது. அத்தனை வருடம் காத்திருந்தவருக்கு மரியாதையால் விழுந்த ஒரு கோலைக் காட்டி அனுப்புவது எல்லோருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. சம்மாட்டியார் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தார். "சரியடாப்பா. இண்டைக்கு நான் சம்மாட்டி இல்லை. விழுத்துறவனை வேலையால நிப்பாட்டவும் மாட்டன். பாதர் சாட்சி." கொஞ்சம் யோசித்து, "ஆனால் நாளைக்குச் சம்மாட்டி" என்றும் சொல்லிவைத்தார்.

நாளையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. இரண்டாம் முறை அவர் சில அடி வைப்பதற்குள் முதலாமவன் காலைப் பிடித்தான். அடுத்தவன் இடுப்பை. பிறகு யார் எதைப் பிடித்தார்கள் என்று தெரியவில்லை. எதிரணி, சொந்த அணி என்ற வேறுபாடும் இல்லை. வருடக்கணக்காக ஏச்சு வாங்கியவர்கள் எல்லோரும் ஓடிவந்து விழுந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த இருவரும் விழுந்தார்கள். அந்தக் குவியல் சம்மாட்டியாரின் பாரத்தால் முன்னோக்கிச் சரிந்தது. சரியாக அந்த நேரத்தில் ஒரு பெரிய காற்று எழுந்து கரை முழுவதும் மணலாகப் பறந்தது.

நான் பாதருக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நின்றேன். செய்தி அவருடைய முகத்தில்தான் இருக்கிறது என்று நினைத்து, கமராவை அவர் பக்கம் திருப்பியிருந்தேன். அவர் அங்கியின் கையை இழுத்து முகத்தை முழுவதும் மூடியிருந்தார். சனம் கத்தியது. அவர் கையை எடுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குவியலுக்கு அடியில் பந்து இருந்தது. கோடு எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மணல் படிந்த முகங்கள் ஒவ்வொன்றாகப் பாதர் பக்கம் திரும்பின. நடுவர் சொன்னால் சொன்னதுதான் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

பாதர் குவியலைப் பார்த்தார். அடியிலிருந்து சம்மாட்டியாரின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. பாதர் இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தினார்.

"கோல்!" என்றார்.

அதைக் கோல் என்று அவர் ஒப்புக்கொண்டு அன்றுதான் கேட்டோம். "கண்டனீங்களோ, பாதர்?" என்று யாரோ கேட்டார்கள். "வடிவாக் கண்டனான்" என்றார் பாதர்.

பந்து எல்லையைக் கடந்ததாக நடுவர் அறிவித்தார் என்றுதான் நான் எழுதி அனுப்பினேன். பத்திரிகையில், சம்மாட்டியார் பந்தை உதைத்து வெற்றிக் கோலைப் போட்டார் என்று வந்தது. கையில் தூக்கிச் சென்றார் என்று நான் எழுதியதை யாரோ ஓர் உதவி ஆசிரியர் பிழை என்று கருதித் திருத்தியிருந்தார். பாதர் விட்டுப்போன பந்தை அலுமாரியில் வைத்த சம்மாட்டியார், அந்தச் செய்தியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். தம்மை விழுத்தியவர்களில் ஒருவரையும் அவர் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆனால் சோளகம் முடிந்து வலை இறக்கியபோது, காலைப் பிடித்தவனைப் பார்க்கும்போதெல்லாம் தம் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

போன மாதம் தேநீர் குடிக்கும்போது அவர்தான் பாதரைப் பற்றிச் சொன்னார். பாதர் இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். கண் அறவே தெரியாது. வாரம் ஒருமுறை சம்மாட்டியாரோடு போனில் கதைப்பாராம். "அங்க எல்லாருக்கும் எங்கட கோலைத்தான் சொல்லுறாராம். ஒருத்தரும் நம்பினமில்லையாம். மணலில விளையாடினதாம், கோடே இல்லையாம் எண்டு சிரிக்கினமாம்."

பிறகு குசினிப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள். உண்மையைச் சொல்லுங்கோ. பாதர் கண்டவரோ?"

"நீங்கள் கோட்டைக் கடந்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"என்ர வாயெல்லாம் மணல். எனக்கு மேல ஊரே கிடந்தது. எனக்கென்னெண்டு தெரியும்?" என்றார். "பாதர் கண்டவர் எண்டபடியால்தான் கடந்தனான் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

அவர் எழுந்து அலுமாரியைத் திறந்தார். பந்தை எடுத்து நாடாப் பக்கம் முன்னால் தெரியும்படி திருப்பி வைத்தார். நாடாவின் இடுக்கிலிருந்து கொஞ்சம் மணல் கோப்பைகளின்மேல் உதிர்ந்தது. கோப்பைகளை மட்டும் துடைத்தார்.

"கண்டவர்" என்றேன்.