ஜன்னலோர மேசையில் இருந்தவர்

மதுரையிலிருந்து சென்னைக்கு வந்திருந்தபோது மகளுக்குப் பிறந்தநாள் வந்தது. அவள் மறக்கவே கூடாதென்று நாவலூரில் ஒரு பெரிய ரெஸ்டாரன்டைத் தேர்ந்தெடுத்தோம். போனால் கூட்டம். ஜன்னலோரப் பெரிய மேசையில், கஞ்சி போட்ட காட்டன் புடவையில் ஒரு அம்மா மட்டும் உட்கார்ந்து, மெனுவை வரிவரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

“நீங்க தனியாத்தானே வந்திருக்கீங்க மேடம்? குழந்தைக்கு பர்த்டே. வேற டேபிளுக்கு மாறிக்கிறீங்களா?” என்றேன்.

“அதுக்கென்ன, உட்காருங்க” என்று சிரித்துக்கொண்டே எழுந்து, கை கழுவுமிடத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மேசையில் போய் உட்கார்ந்தார்.

நாங்கள் பாட்டுப் பாடி கேக் வெட்டினோம். மகள் அவருக்கு ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“எனக்கும் இன்னிக்குத்தான் பர்த்டே கண்ணு” என்று அவர் சொன்னது எங்களுக்கும் கேட்டது. அந்தத் துண்டை அவளுக்கே ஊட்டிவிட்டார்.

எங்கள் மேசையில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனால் அவரைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

திரும்பி வந்த மகள் கேட்டாள்: “அவங்களுக்கு யாரும்மா பாடுவாங்க?”