கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு வீடு

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிக்குப் பக்கத்திலேயே வீடு கிடைத்துவிட்டது என்று என் கணவர் வந்து சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை ஊத்துக்கோட்டையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். கோழி கூவுவதற்கு முன்பே எழுந்து ஓட வேண்டும். இனி நிதானமாகக் காபி குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருவரும் மனக்கோட்டை கட்டினோம்.

குடிவந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கம்பெனி பஸ் தூரத்து ஆட்களுக்குத்தான். பக்கத்தில் இருப்பவர்களுக்கு நிற்காது. ஷேர் ஆட்டோக்காரரும் ஏற்ற மாட்டார். கவரப்பேட்டைக்குப் போகிறவர் உட்காரும் இடத்தை எனக்குக் கொடுத்தால் ஆட்டோக்காரருக்குத்தான் நஷ்டம். "தோ இருக்குற கேட்டுக்கு ஆட்டோவா? நடந்தே பூடலாமேம்மா" என்பார்.

நடந்தேன். இரண்டு பக்கமும் லாரிகள் நிற்கும் சாலை அது. இவ்வளவு கிட்டத்திலிருந்து யார் நடந்து வரப்போகிறார்கள் என்று சாலை போட்டவர்கள் நினைத்தார்களோ என்னவோ, நடைபாதை என்று ஒன்று இல்லை. முதல் ஷிஃப்டுக்கு இருட்டிலேயே, எங்கள் கம்பெனியிலேயே வேலை பார்க்கும் எதிர்வீட்டுப் பெண்ணும் நானும் கைகோத்துக்கொண்டு போவோம். ஒரு மழைநாளில் பின்னால் வந்த லாரி உரசாத குறையாகப் போனது. நான் ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தேன். சோற்று டப்பா எங்கேயோ போய்விட்டது. அதன்பிறகு ஹாரன் சத்தம் கேட்டாலே சாலையை விட்டு இறங்கி நின்றுவிடுவேன். வேலையே வேண்டாம் என்றுகூட நினைத்தேன்.

விழுந்த அன்று மாலை என் முழங்கால் காயத்தைப் பார்த்த கணவர் வெந்நீர் வைத்துத் துடைத்துவிட்டார். வீடு பார்த்தவர் அவர்தான். ஆனாலும் நான் குத்திக்காட்டவில்லை, எனக்கே ஆச்சரியம்.

"ஊத்துக்கோட்டைக்கே பூடலாம்" என்றார் கடைசியில். "பஸ்ல தூங்கிக்கினு போனாலும் முழுசாப் போய்ச் சேருவே."

திரும்பிப்போய்விட்டோம். மறுபடி பஸ் ஏறிய முதல் நாள், டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். முதல் ஸ்டாப்பிங் என்பதால் ஜன்னல் சீட் எனக்கே. துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தவள் பெரியபாளையம் வருவதற்குள் தூங்கிப்போனேன்.

அந்தப் பள்ளம் வரும் இடத்தில் தானாகவே விழிப்பு வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பெண் டிபன் பையை நெஞ்சோடு அணைத்தபடி தனியாக நடந்துகொண்டிருந்தாள். எங்கள் பஸ் ஹாரன் அடித்ததும் பள்ளத்தின் பக்கம் ஒதுங்கி நின்றாள். கையசைக்கலாம் என்று ஜன்னல் கண்ணாடியைத் தள்ளினேன். அது நகரவில்லை. பாவமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், அதற்கு முன்னால் எனக்கு வந்தது 'அப்பாடா'தான்.