குஞ்சம்மாள் சொல்லாத மீட்டர்

குஞ்சம்மாளுக்குக் கணீரென்ற குரல். அரியலூர்ப் பக்கத்தில் எங்கள் சிமெண்ட் ஆலைக்குக் கூட்டிப் பெருக்க வந்தவளை, எண்பத்து மூன்றாம் வருஷம், அந்தக் குரலுக்காகவே கன்ட்ரோல் ரூமில் மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். மீட்டர்களைப் பார்த்து அவள் வாசிக்க வேண்டும். கீழே சூளையில் நிற்பவர்கள் அதைக் கேட்டுக் கரியைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். ஒரு மாதம் ஒழுங்காக வாசித்தால் வேலை நிரந்தரம். அதற்காக அவள் வேண்டாத சாமி இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பாலசுந்தரம் என்ற புது இன்ஜினியர் வந்து சேர்ந்தார். சட்டம் போடாவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. யாரோ மூன்று புள்ளி ஐந்தை முப்பத்தைந்து என்று கேட்டுவிட்டானாம். இனிமேல் புள்ளியே கூடாது, எல்லாவற்றையும் ஆயிரத்தால் பெருக்கித்தான் சொல்ல வேண்டும் என்றார். ஆயிரத்து நானூறு டிகிரி பதினான்கு லட்சமானது. கேன்டீனில் டீ போட்டுக்கொண்டிருந்த என்னிடம் டீ சூடா என்று கேட்டால், நானும் எழுபதாயிரம் என்பேன்.

அடுத்த சட்டம் இன்னும் விசேஷம். மீட்டர்களுக்கு நம்பர் வேண்டாம், அந்தந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் பெயரை வைக்க வேண்டும். பெயர் சொல்லாத அளவு செல்லாது. காற்றாடி மீட்டர் அழகேசன், அரவை மீட்டர் ராசாங்கம். சூளை நெருப்பின் மீட்டரில் மதுரைவீரன் என்று பலகை மாட்டினார். மதுரைவீரன் குஞ்சம்மாளின் புருஷன்.

புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்பி வளர்ந்தவள் அவள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைத்தான் சொல்லச் சொல்வாள்.

நான் டீ கொண்டுபோன நேரம், அவள் மைக்கில் வாசித்துக்கொண்டிருந்தாள். "அழகேசன் நாலாயிரம். ராசாங்கம் அறுவதாயிரம். எங்க வூட்டுக்காரரு பதினாலு லட்சத்து எம்பதாயிரம்."

ஆலையே சிரித்தது. பக்கத்தில் நின்ற பாலசுந்தரம் சிரிக்கவில்லை.

"அப்படி ஒரு மீட்டர் கிடையாது. பேரைச் சொல்லும்மா."

"அவருக்கு ஏதாச்சும் ஆயிட்டா நா என்ன சார் பண்ணுவேன்? நீங்களே சொல்லிடுங்களேன்."

"மைக்ல உன் குரல்தான் செல்லும். முடியலன்னா நாளைலேர்ந்து பழையபடி துடைப்பத்தை எடு."

முள் பதினைந்து லட்சத்தைத் தாண்டியது. சூளையின் இரும்பு சிவக்கத் தொடங்கியது. கரி விடும் சக்கரத்தில் கை வைத்தபடி கீழே நின்றது மதுரைவீரனேதான். மைக்கில் பெயரோடு அளவு வராமல் அதைத் திருப்ப அவனுக்கு அனுமதி இல்லை.

குஞ்சம்மாள் எழுந்தாள். பேனலின் ஓரத்தில் கெட்டுப்போன மீட்டர் ஒன்று வருஷக்கணக்காகப் பூஜ்யத்திலேயே கிடந்தது. அதை யாரும் வாசிப்பதில்லை. புருஷனின் பலகையைக் கழற்றி அதில் மாட்டினாள். சூளை மீட்டரின் மேல் சாக்பீஸால் வேறொரு பெயரை எழுதிவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

"பாலசுந்தரம் பதினஞ்சு லட்சத்து இருவதாயிரம்! கரியைக் கொறைங்க!"

பெயர் இருந்தது, ஆயிரத்தால் பெருக்கியும் இருந்தது. மதுரைவீரன் சக்கரத்தைத் திருப்பினான். பாலசுந்தரம் போட்ட சட்டம்தானே! மாதக் கடைசியில் அவளுக்கு வேலை நிரந்தரமானது. அவர் மாற்றலாகிப் போன பிறகும் அவர் பெயர் மைக்கில் மணிக்கொரு தரம் லட்சக்கணக்கில் ஒலித்தது.

மதுரைவீரனுக்குத்தான் மனசு ஆறவில்லை. என் கேன்டீனில் வைத்தே கேட்டுவிட்டான்.

"ஊரே சிரிக்குது. போயும் போயும் கெட்டுப்போன மீட்டர்லயா என்னைய மாட்டுவ?"

"சூடே ஏறாத எடமாப் பாத்துதாங்க மாட்டுனேன்," என்றாள் குஞ்சம்மாள். "நூறு வயசு இருப்பீங்க."