முனியராஜ் போட்ட கோடு

நாரணாபுரம் அங்கன்வாடிக்குக் கடைசியாக வெள்ளையடித்தது எப்போது என்று ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. இடுப்புக்குக் கீழே சுவர் முழுக்கக் கரிக்கோடு. ஆட்டுக்கு ஆறு கால், சூரியனுக்கு மீசை, வீட்டைவிடப் பெரிசாக ஒரு கோழி. இதையெல்லாம் அழிக்காமல் வைத்திருந்த குற்றவாளி மாரிச்செல்வி டீச்சர்.

டீச்சர் பெரிய படிப்பாளி இல்லை. பிளஸ் டூவில் கணக்கு காலை வாரிவிட, கொஞ்ச காலம் தீப்பெட்டிக் கம்பெனியில் லேபிள் ஒட்டினாள். ஒரே படத்தை ஒட்டி ஒட்டி அலுத்த கை. அதனாலோ என்னவோ, அங்கன்வாடி வேலை கிடைத்ததும், பிள்ளைகளிடம் அச்சுப் படத்தை நீட்டி ‘இதைப் பார்த்துப் போடு’ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அடுப்புக்கரியையும் செங்கல் துண்டையும் கையில் கொடுத்து, சுவரைக் காட்டிவிட்டாள். வரைகிற பிள்ளையிடம் ‘இது என்ன’ என்று மட்டும் கேட்கமாட்டாள். கேட்டால் நமக்குப் பிடித்த பதிலைத் தேட ஆரம்பித்துவிடும் என்பாள். “ஏபிசிடி சொல்லிக் குடுப்பீகன்னு பாத்தா, பிள்ள கரிமூட்டத்துல விழுந்த மாதிரி வருதே” என்று தாய்மார்கள் ஏசினால், சிரித்துக்கொண்டே சோப்புத் துண்டை நீட்டுவாள்.

முனியராஜ் மட்டும் கரியைத் தொடவில்லை. நாலு வயசு. வந்த நாளிலிருந்து பேச்சும் கிடையாது. சத்துமாவு உருண்டைக்கு மட்டும் வரிசையில் முதல் ஆளாக நிற்பான். அப்படிப்பட்டவன் ஒரு திங்கட்கிழமை தானாக எழுந்துபோய், கதவோரத்திலிருந்து ஒரு கோடு இழுத்தான். ஜன்னல்வரை வந்தபோது பட்டாசுக் கம்பெனி வேன் அவன் அம்மாவை வாசலில் இறக்கிவிட்டது. கரியை வைத்துவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கு டீச்சர் வீட்டுக்குப் போய்க் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

மறுநாள் காலையில் வார்டு மெம்பர் ஊர்க்காவலன், பெயிண்டர் கருப்பணனோடு வந்து நின்றார். கருப்பணன் கம்பெனி கம்பெனியாகப் போய் ‘புகை பிடிக்காதீர்’ எழுதிப் பிழைக்கிறவர். முயல் படம் போட்டாலும் கை தானாகக் கீழே அதைத்தான் எழுதும் என்று ஊரில் பேச்சு.

“நாளைக்கு விருதுநகர்லேருந்து ஆபீசர் வாராக டீச்சர். பூராம் வெள்ளையடிச்சு, முயலு, தாமரைன்னு நாலு படம் போட்டுருவோம்” என்ற மெம்பர், கோட்டைப் பார்த்ததும் முகம் வெளுத்தார். “இது என்ன, திரியா?”

அந்த ஊரில் கருப்பாக, நீளமாக எதைப் பார்த்தாலும் வெடித்திரிதான். பாம்பே வந்து படுத்தாலும் முதலில் திரி என்றுதான் நினைப்பார்கள்.

“சின்னப் பிள்ள திரி வரைஞ்சிருக்குன்னு ஆபீசர் பாத்தா, பிள்ளையள வேலைக்கு விடுறீகளான்னு குடைஞ்சு எடுத்துருவாக. ஏலே கருப்பணா, மொதல்ல இத அழி.”

கருப்பணன் மட்டையைச் சுண்ணாம்பில் முக்கினார். டீச்சர் குறுக்கே வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, அவன் இன்னும் முடிக்கல.”

“கோடுதான டீச்சர். நாளைக்கு வேற கோடு போடுவான்.”

“இந்தக் கோட்டுக்கே இம்புட்டு மாசம் ஆச்சு. இத அழிச்சா அப்புறம் கரியவே தொடமாட்டான். முடிக்கட்டும். திரியாவே இருந்தா நானே அழிக்கேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, அது திரியாக இருக்காது என்று அவளுக்கும் நிச்சயமில்லை. முனியராஜின் அம்மா திரி வெட்டுகிறவள்.

பையன் வந்தான். வாளியைப் பார்த்தான். மெம்பரைப் பார்த்தான். டீச்சர் ஒன்றும் கேட்காமல் பெரிய கரித்துண்டாகப் பொறுக்கிக் கையில் கொடுத்தாள். ஜன்னலிலிருந்து கோடு கிளம்பி மூலை திரும்பியது. மெம்பர் வாட்சைப் பார்த்தார். கோட்டுக்கு மேலே ஒரு பெட்டி வந்தது. பக்கத்திலேயே இன்னொன்று.

“வெடிப்பெட்டி. நான் சொல்லல?” என்றார் மெம்பர், பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்வதுபோல.

பெட்டிக்கும் கோட்டுக்கும் நடுவில் இரண்டு வட்டம் விழுந்தது. என்னவென்று கிட்டே போய்ப் பார்க்க மெம்பர் ஓர் எட்டு வைத்தார்.

“நில்லுங்க” என்றான் முனியராஜ். அந்தக் குரலை அங்கே அதுவரை யாரும் கேட்டதில்லை. “கேட் போட்டிருக்கு.”

ரயில்வே கேட்டில் வெயிலில் நின்று நின்று பழகிய கால், தானாக நின்றுவிட்டது. கருப்பணனும் வாளியைக் கீழே வைத்தார்.

“ஏலே, சரக்கு வண்டியா?” என்றார் மெம்பர், மெல்ல.

“ஆமா.”

“எம்புட்டுப் பெட்டி?”

“தெரியல. எஞ்சின் இன்னும் வரல.”

டீச்சர் கரி எடுக்க அடுப்பங்கரைக்குள் போனாள். இரண்டு துண்டு கரி எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது. திரும்பி வந்தபோது மெம்பர் பெயிண்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “முயல மேல போட்டுக்கோலே. வண்டி போற பாதையில கைய வைக்காத.”

எஞ்சின் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் வந்து சேர்ந்தது. அதுவரைக்கும் மெம்பர் கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்றார்.