கம்பமும் ஆட்டு மாத்திரையும்

சித்திரை மாத உச்சிவெயிலில் கம்பளி போர்த்துக்கொண்டு அடுப்பின் முன் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைப் பார்த்துப் பழகுவது எளிதல்ல. நான் ஒரு வருஷம் பழகினேன். அவள் என் மனைவி.

யுத்த காலம் அது. நான் நாமக்கல் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. மோகனூர்ப் பக்கம், காவிரியை ஒட்டிய ஒரு கிராமத்தில் வீடு. விடியற்காலையில் சைக்கிளில் கிளம்பிப் பொழுது சாயத் திரும்புவேன். அவளைப் பகலில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதனால் மாற்றங்கள் எனக்கு வாரத்துக்கு ஒன்றாகத் தெரிந்தன. ஒரு வாரம் முகம் ஊதியிருந்தது. இன்னொரு வாரம் புருவங்களின் வெளிப்பாதியைக் காணோம், யாரோ கட்டைவிரலால் அழித்துவிட்டாற்போல. பிறகு குரல் போயிற்று. அதன் இடத்தில் தொட்டிக்குள் குனிந்து பேசுவது போன்ற கனத்த ஆண்குரல் ஒன்று வந்தது. நான் சோற்றில் கை வைக்குமுன் கேட்ட கேள்விக்கு, கை கழுவி எழுந்த பிறகு பதில் வரும்.

சமையலறை மண்சுவரில் உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில் சின்னச் சின்னக் குழிகள் தோன்றின. எலி என்று நினைத்தேன். ஒரு மத்தியானம் சுரண்டும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். நகத்தால் மண்ணைக் கிள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தாள். நான் நிற்பது தெரிந்தும் நிறுத்தவில்லை.

“கெணத்துக்குள்ள பொம்பளைங்க பேசிக்கிட்டிருக்காங்க,” என்றாள். “என்னையத்தானுங்க கேக்கறாங்க.”

எங்கள் கிணற்றில் அந்த வருஷம் தண்ணீரே இல்லை.

அக்கம்பக்கத்துப் பெண்கள் மோர் வாங்க வருவதை நிறுத்தினார்கள். அவளுடைய அண்ணன் வந்தார். பத்து ஏக்கர் கரும்பும் எல்லாவற்றையும் பற்றி ஓர் அபிப்பிராயமும் உள்ளவர்.

“மாப்ள, இது காத்து கருப்புங்க. பேயோட்டற உடுக்கைக்காரர்கிட்டச் சொல்லி வெச்சிருக்கறன்.”

“முதலில் ஆஸ்பத்திரி, மச்சான்.”

“ஆமாமா. உங்களுக்குக் கடுதாசியில எழுதி முத்திரை குத்தினாத்தானே அது நோவு.”

பெட்ரோல் பஞ்சத்தில் ஓடிய கரிவாயு பஸ்ஸில் சேலம் போனோம். வயதான டாக்டர் ஒருவர் வெகுநேரம் அவளைத் தொடாமல் பார்த்தார். பிறகு மண்டியிடச் சொல்லி, கணுக்காலுக்குப் பின்னால் சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது. பிறகு, போகலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுப் போவதைப் போல, மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குத் திரும்பியது. எனக்கு முதுகு சில்லிட்டது. டாக்டருக்கு முகம் மலர்ந்தது.

“கழுத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது. உடம்பு எந்த வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்று உத்தரவு போடுவது அதுதான். இவருக்கு உத்தரவு வருவது நின்றுவிட்டது,” என்றார். ஆபீஸ்காரனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கியிருக்க முடியாது. மண் தின்பது வேறு கணக்கு. ரத்தத்தில் இரும்பு இல்லை, அதனால் வரும் ஆசை அது என்றார்.

ஒரு சீட்டில் எல்லாம் எழுதிக் கொடுத்தார். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, கால் பங்கில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். மார்பு படபடத்தால் குறைக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் இரும்பு மருந்து. பல் கறுக்காமலிருக்கப் பப்பாளித் தண்டால் உறிஞ்ச வேண்டும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, கிடைத்தால் ஈரல். பட்டினி கூடாது, இதயம் தாங்காது. மாத்திரை விட்டுப்போனால் மறுபடி கால் பங்கிலிருந்துதான். “இது தீருகிற வியாதி இல்லை. கொடுக்கிற வரைக்கும் நன்றாக இருப்பார்,” என்றார்.

மூன்றாம் மாதம் அவள் மேலுதட்டில் வேர்வை கண்டேன். ஒருவருக்கு வேர்த்ததைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். குரல் திரும்பியது. என் சைக்கிள் துருப்பிடித்ததைப் பற்றி என்னைத் திட்டினாள்.

அப்புறம் நான் ஒரு தப்புச் செய்தேன். புதிதாக வந்த புட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். எதையும் பாதியில் விடாமல் படித்துச் சொல்வது என் தொழில் வியாதி.

“செம்மறியாட்டின் கழுத்துச் சுரப்பி, உலர்த்திப் பொடித்தது.”

“ஆடுங்களா?”

“ஆடுதான்.”

கறி தின்கிற குடும்பம்தானே என்று விட்டுவிட்டேன். பங்குனி வரப்போவதை மறந்தேன்.

எங்கள் பக்கம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் கோயில் முன்னால் மூன்று கவை உள்ள கம்பத்தை நடுவார்கள். அதைப் பிடுங்குகிற வரை ஊரில் கறி கூடாது, தாளிப்புக் கூடாது, யாரும் வெளியூரில் இரவு தங்கவும் கூடாது. வழக்கமாகப் பதினைந்து நாள். அந்த வருஷம் முதல் தீர்த்தக்குடம் யாருடையது என்று இரண்டு தெருக்கள் சண்டை போட்டு, வழக்குத் தாலுகாவுக்கு வந்தது. என் மேஜைக்கே வந்தது. மனுவோடு ஊர் வரைபடம் இணைக்கப்படவில்லை என்று குறிப்பெழுதித் திருப்பினேன். விதி அப்படி. வழக்குத் தீராமல் பிடுங்க முடியாது, கம்பம் நட்டபடி நின்றது.

கம்பம் நட்ட ஐந்தாவது ஞாயிறு, கம்பளி மறுபடி வெளியே வந்திருந்தது.

“மாத்திரை சாப்பிடுகிறாயா?”

பதில் வர வெகுநேரம் ஆயிற்று. அதிலேயே பதில் இருந்தது. “கம்பம் நட்டிருக்குதுங்க. ஆட்டைத் தின்னுபோட்டு ஆத்தா வாசல்ல எப்படீங்க நிக்கறது?”

அன்று சாயங்காலமே அண்ணன் வந்தார். “கம்பம் புடுங்கின மறுநாளே கூட்டிட்டுப் போறனுங்க. மூணு நாள் பட்டினி போட்டு, வேப்பங்கொத்துல நாலு வெச்சா எறங்கிப் போயிரும். இந்தத் தடவை உங்க சீட்டைக் காட்டாதீங்க மாப்ள.”

அந்தப் பட்டினியை அவள் இதயம் தாங்காது. கம்பம் நிற்கிற வரை சேலத்துக்குக் கூட்டிப்போக வழியில்லை, இரவு தங்க வேண்டிவரும். கம்பம் போய்விட்டாலோ உடுக்கை. மறுநாள் காலை, கால் மாத்திரையை நுணுக்கிப் புளித்த மோரில் கலந்து அவளிடம் நீட்டினேன். மனைவியின் விரதத்தை அவளுக்குத் தெரியாமல் கெடுப்பதற்கு எந்தக் கையேட்டிலும் நடைமுறை கிடையாது. அவள் டம்ளரின் விளிம்புக்கு மேலாக, இமை கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டு குடித்தாள். அந்தக் கண்கள் எனக்குப் பழக்கமில்லாதவை. தினமும் அப்படித்தான்.

வரைபடம் வந்தது. அளவுகோல் குறிக்கப்படவில்லை என்று திருப்பினேன். குறித்து அனுப்பினார்கள். வடக்குத் திசை காட்டப்படவில்லை என்று திருப்பினேன். எல்லாம் விதிப்படியே, இன்று வரை ஒருவராலும் குற்றம் சொல்ல முடியாது. ஊர் முழுக்கத் தாளிக்காத குழம்பைத் தின்றுகொண்டிருந்தது.

“தாலுக்காவுல எவனோ ஒரு கழுதை காயிதத்து மேல ஏறிப் படுத்துக்கிச்சாமுங்க,” என்றார் பூசாரி என்னிடம்.

“நானும் கேள்விப்பட்டேன்,” என்றேன்.

கால் அரையாகி, அரை முழுசாயிற்று. நான்காவது வாரம் அண்ணன் வந்தபோது அவள் கம்பளி இல்லாமல் வாசலுக்கு வந்தாள்.

“ஏனுங்கண்ணா, இப்படி எளைச்சுப் போயிட்டீங்க? அண்ணி சோறு போடறதில்லீங்களா?”

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார். உடுக்கையைப் பற்றி அதன் பின் பேசவே இல்லை. மறுநாள் வழக்குக் கோப்பை மேலதிகாரிக்கு அனுப்பினேன். அந்த வாரமே கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் விட்டார்கள்.

அன்றைக்கே அவளிடம் ஒப்புக்கொண்டேன். பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள்.

“தெரியுமுங்க. மோருல கறி நாத்தம் அடிச்சுது.”

“பின்னே ஏன் குடித்தாய்?”

“நான் எங்கீங்க குடிச்சேன்? அதுதானுங்க குடிச்சுது. என்ர நோம்பி கெடலீங்க.”

“அது இப்போது எங்கே?”

பாக்குவெட்டி நின்றது. “மாத்திரையை நிறுத்தினா வாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்குதுங்க,” என்றாள். சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் மாத்திரையை விட்டதில்லை, கம்பம் நின்ற நாட்களிலும்.