கயிற்றோடு போன கன்று

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள் ஒவ்வொருவரும் அவரைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பீர்கள். மகளாகிய நான், அப்பா கேட்ட ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வேறு எதை எழுத உட்கார்ந்தாலும் அழுகைதான் வருகிறது.

அப்பா பிறந்தது அடி அண்ணாமலையில். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர், தன் படிப்பை விட்டுவிட்டுத் தம்பியை, அதாவது என் சித்தப்பாவை, வளர்த்தார். பிறகு செங்கம் சாலைப் பக்கம் வீடு கட்டி, மாடியறையை ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டார். கீழே மாட்டுக் கொட்டகை. சாணி நாற்றம் என்று தங்க வந்தவர்கள் முகம் சுளித்தால், "அவங்க வேற ரூம் பாத்துப்பாங்க, மாடு எங்க போவும்?" என்பார்.

நிலத் தகராறில் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோனது. பாகம் பிரித்தபோது பசு எங்களுக்கும், பால்குடி மறக்காத அதன் கன்று சித்தப்பாவுக்கும் விழுந்தது. மாட்டைக் கைமாற்றும்போது கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். கயிறு போனால் வீட்டு லட்சுமியும் போய்விடுவாளாம். அப்பா கயிற்றோடு கன்றை அனுப்பினார். அம்மா சத்தம் போட்டார்.

"வித்தாதான் கயிற அவுக்கணும். அது என் தம்பி வூட்டுக்குப் போவுது," என்றார் அப்பா.

சித்தப்பாவோ, "என் ஒறவே வேணாம்னு கயிறையும் தூக்கிப் போட்டுட்டாரு" என்று ஊரெல்லாம் சொன்னார். அது காதில் விழுந்த அன்று அப்பா சாப்பிடவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் மாடியறையில் தங்கியவர் ஜெருசலேமிலிருந்து வந்த யூதப் பெரியவர். தம் வேதத்தைக் கொட்டகை ஓரம் உட்கார்ந்து படிப்பார். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் அப்பாவுக்குத் தமிழில் சொல்வேன். ஒருநாள் ஒரு போரின் கொள்ளைப் பொருள் பற்றிய பகுதி வந்தது. பிடித்து வந்த ஆடு, மாடு, கழுதைகளை எண்ணி, போருக்குப் போனவர்களுக்குப் பாதி, மற்ற மக்களுக்குப் பாதி என்று பிரிக்கிறார்கள். மொத்தக் கணக்கைச் சொன்ன பிறகு பாதிக் கணக்கையும் ஏன் எழுத வேண்டும்? எண்ணியது முதல் பிரிக்கும்வரை ஒன்றுகூடச் சாகவில்லை, அந்த அதிசயத்தைக் காட்டத்தான் என்று அவர்களுடைய பழைய உரைகாரர் ஒருவர் விளக்கியிருக்கிறாராம்.

"அவ்ளோ மாட்டுக்கும் யாரும்மா தண்ணி காட்னாங்க?" என்று அப்பா சிரித்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "தாயி ஒரு பக்கம், கன்னு ஒரு பக்கம் போச்சான்னு கேளு."

பெரியவர் நெடுநேரம் பக்கங்களைப் புரட்டினார். நூலில் இல்லை, யோசித்து அடுத்த முறை வரும்போது சொல்கிறேன் என்றார்.

அடுத்த முறை அப்பா இல்லை. கொட்டகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவேயில்லை. சித்தப்பா சுடுகாடுவரை வந்து, யாரோடும் பேசாமல் திரும்பிவிட்டார்.

சொன்னபடி வந்த பெரியவர், செய்தி கேட்டுப் பசுவின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். பின்பு தம் யோசனையைச் சொன்னார். ஒன்றும் சாகவில்லை என்றால் பால்குடிக் கன்றும் சாகவில்லை. தாய் அருகில் இல்லாமல் அது பிழைத்திருக்காது. ஆகவே பிரிக்கும்வரை யாரும் அவற்றை விலக்கவில்லை. பிரித்த பிறகு என்ன ஆயிற்று என்று நூலும் சொல்லவில்லை, உரையும் சொல்லவில்லை. அது பங்கு வாங்கியவர்களின் பொறுப்பு.

கேட்டவருக்குச் சொல்ல வழியில்லாமல், அதைச் சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். கயிறு போன காரணத்தையும் சொன்னேன். மறுநாள் காலை, வளர்ந்துவிட்ட கன்றைப் பிடித்துக்கொண்டு கிரிவலப் பாதையில் நடந்தே வந்துவிட்டார். தோளில் அந்தப் பழைய கயிறு. இத்தனை நாளும் அவரும் அதைத் தூக்கிப் போடவில்லை.

பசுவுக்கு அடையாளம் தெரியவில்லை. கன்றை முட்டித் தள்ளியது. சித்தப்பா கொட்டகைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பெத்ததுக்கே தெரியலையே, நான் வந்தது எங்க அண்ணனுக்கு எப்பிடிம்மா தெரியும்?"

அப்பாவை மருத்துவமனைக்குக் கொண்டு ஓடிய ஆட்டோ அண்ணனுக்கும், பாடை சுமந்த தெருக்காரர்களுக்கும், எங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்ட பக்கத்து வீட்டு பாய் குடும்பத்துக்கும், ஜெருசலேம் பெரியவருக்கும் எங்கள் வணக்கம். இரண்டு மாட்டுக்கும் தினமும் வந்து தண்ணீர் காட்டும் சித்தப்பாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அப்பா, கன்று வந்துவிட்டது. உங்கள் தம்பியும் வந்துவிட்டார்.