சைக்கிள் கடை சீனிவாசனுக்கு இந்தி தெரியாது

சைக்கிள் கடை சீனிவாசன் இன்று காலை போய்விட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில், மகன் வீட்டில்...

செய்தியைச் சொன்னது என் மகள் செல்வி. அங்கே கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறாள். போனில் தேம்பித் தேம்பி அழுதாள். போன வருடம் எனக்கு ஆஞ்சியோ செய்தபோது இப்படி அழுததாக நினைவில்லை.

காலையிலிருந்து பேஸ்புக்கில் ஆளாளுக்கு எழுதுகிறார்கள். "இந்தித் தொடரைத் தமிழில் சொன்ன எங்கள் மாமா"வாம். நானும் எழுதுகிறேன். அவருக்கு இந்தி தெரியாது. ஒரு வார்த்தை தெரியாது.

எனக்கு இந்தி தெரியும். பேண்டேஜ் துணி லோடு ஏற்றி ராஜபாளையத்திலிருந்து நாக்பூர் வரை லாரி ஓட்டியவன் நான். தாபாவிலும் செக்போஸ்ட்டிலும் நானாகக் கற்றது. எவரும் சொல்லித் தரவில்லை.

இருபத்தைந்து வருடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை டிவியில் வானத்தில் பறக்கும் வீரன் தொடர். ராஜபாளையத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனையும் சீனிவாசன் கடையில், பழைய டயர்கள் மேல் உட்கார்ந்திருக்கும். இவர் கையில் ஸ்பானரோடு நின்று வசனத்தையெல்லாம் தமிழில் சொல்வார்.

வீரன் நல்ல சிவப்பு. கெட்டவனின் அடியாட்கள் பூராவும் கருப்பு. பெண்களுக்கு ஒரே வேலை, கத்துவது. தொடர் அவ்வளவுதான்.

செல்வி என்னைப் போலக் கருப்பு. ஒரு வாரம் கேட்டாள், "ஏன் மாமா, கெட்டவன்கிட்ட வேல பாக்குறவங்க மட்டும் கருப்பா இருக்காங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. "ஏட்டி, அவிய கெட்டவிய இல்ல. நம்ம பக்கத்துப் போலீசு. வேவு பாக்க உள்ள போயிருக்காவ. கடைசி வாரம் பாரு, தெரியும்."

அதே வாரம், தூணில் கட்டிப் போட்ட ஒரு பெண் "பச்சாவோ" என்று கத்தினாள். இவர் சொன்ன தமிழ்: "கட்ட மட்டும் அவுத்து விடுலே, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்!" வீரனும் பறந்து வந்து கட்டைத்தான் அவிழ்த்தான். பிள்ளைகள் ஒரே கைதட்டல்.

வாசலில் நின்ற எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் அண்ணாச்சி பொய் சொல்லுதீரு? காப்பாத்துங்கன்னுல்லா கத்துதா!"

"சரி டிரைவரே, நீரு உள்ள வந்து சொல்லும்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

சொன்னேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஐந்து நிமிடத்தில் ஒரு பயல் கொட்டாவி விட்டான். என் மகள், எல்லார் முன்னாலும்... "ஒங்களுக்கு இந்தி தெரியாதுப்பா. மாமா சொல்லட்டும்."

கடைசி வாரம் வரட்டும், வசமாக மாட்டுவார் என்று காத்திருந்தேன். அந்த ஞாயிறு பார்த்து லோடு வந்தது.

நாக்பூரிலிருந்து திரும்பினால் தெருவெல்லாம் அதே பேச்சு. கருப்பு ஆட்கள் போலீஸ்தானாம். கட்டிப் போட்ட பெண்தான் அவர்களுக்கு அதிகாரியாம்.

எப்படிச் சமாளித்தார் என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருடமும் கேட்கவில்லை.

செல்வி முதன்முதலாகக் கருப்புக் கோட்டு மாட்டிய அன்று, அவர் காலில் விழுந்துவிட்டுத்தான் என்னிடம் வந்தாள். அதுவும் எனக்கு மறக்கவில்லை.

இன்று சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் அவளிடம் கேட்டே விட்டேன். "அந்தக் கடைசி வாரம் டிவியப் பாத்து என்னதாம்ட்டி சொன்னாரு?"

"டிவியே போடலப்பா. ரிப்பேருன்னுட்டாரு. கதைய அவரே நடிச்சுக் காட்டுனாரு. பக்கத்து வீட்டுல அதே படம் இந்தியில சத்தமா ஓடுது... அது எங்க காதுல விழக் கூடாதுன்னு சைக்கிள் பெல்ல அடிச்சுக்கிட்டே இருந்தாரு."

"அப்ப அவரு புளுகுதாருன்னு ஒனக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும்ப்பா. ஒங்களுக்கு இந்தி தெரியும்ங்கதும் தெரியும்."

தெரிந்துதான் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாள்.

சீனி அண்ணாச்சி, அந்தப் பெண் கத்தியது "பச்சாவோ"தான். இப்போதும் சொல்கிறேன்.

போய் வாரும்...